காற்றுக்காகக் கட்டிய அறை

1. உடைக்கும் வேலை

கப்பல் கட்டப் படித்தவனைக் கப்பல் உடைக்க எடுத்தார்கள். எழுபதுகளின் நடுவில் சிட்னிக்கு வந்து இறங்கிய எனக்கு அதற்காக ரோஷப்பட நேரமிருக்கவில்லை. கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் வரைபடம் கீறும் ட்ராஃப்ட்ஸ்மனாக இருந்தவன் என்று சொன்னதும், கந்தோரில் இருந்த டொனலன் ஒரு நீளமான ட்ரோயிங் சுருளை மேசையில் உருட்டிவிட்டார். அவர்தான் அந்த உடைக்கும் தளத்தின் மேனேஜர். அவர் ஆங்கிலத்தில் பேசியதை எங்கள் பேச்சில் தருகிறேன். தொனி மாறாது.

"இதைக் கட்டினவங்கள் எந்த வரிசையில கட்டினாங்களோ, அதைத் தலைகீழா எழுதித் தா. எந்தத் தகட்டை முதல் வெட்டிறது, எதைக் கடைசியா வெட்டிறது. அவ்வளவுதான் வேலை."

"கப்பலைப் பாக்கலாமா?"

"ட்ரோயிங் இருக்கேக்கை கப்பல் எதுக்கு?"

அந்த ஒரு கேள்வியிலேயே மனிதரை நான் அளந்திருக்க வேண்டும்.

தளம் பரமட்டா ஆற்றின் ஒரு சதுப்புக் குடாவில் இருந்தது. கரையில் சேறு, சேற்றில் சங்கிலிகள், சங்கிலிகளின் மறு நுனியில் அந்தக் கப்பல். புகைபோக்கி இல்லை, பீரங்கி இல்லை, மேல்தளம் பாதி இல்லை. கறுத்த இரும்பு உடம்பு மட்டும் தண்ணீரில் கிடந்தது. பார்த்ததும் எனக்கு மனம் சரியாக இருக்கவில்லை. கட்டியவர்கள் இதை ஒரு நாள் பெருமையோடு கடலில் இறக்கியிருப்பார்கள்.

தளத்தில் எங்கள் ஆட்கள் இருவர் இருந்தது ஆறுதல். ராசநாயகம், கப்பல் பழுதுபார்க்கும் கொழும்பு உலர்துறையில் பொய்லர் வேலை செய்தவர். என்னை விட மூத்தவர், நான் ராசண்ணை என்பேன். மற்றவன் குகன், ராசண்ணையின் மனைவி பவளக்காவின் தம்பி. வெள்ளையர் மட்டுமே குடியேறலாம் என்ற ஆஸ்திரேலிய விதி போன பிறகு ராசண்ணை முதலில் வந்து, அடுத்து மனைவியையும் மைத்துனனையும் கூப்பிட்டிருந்தார். பரமட்டாவில் ஒரு சின்ன வீட்டில் மூவரும் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அங்கேதான் சாப்பாடு.

இந்த இருவருக்கும் ஒரு முறை இருந்தது. மூடிய எந்த இடத்துக்குள் இறங்குவதென்றாலும் ராசண்ணை முதலில் இறங்குவார். அவர் கீழே நின்று "வா" என்று சொன்ன பிறகுதான் குகன் இறங்கலாம். உலர்துறையில் பழகிய வழக்கம் அது, மூத்தவன் முதலில். பவளக்காவும் ஒரு ஞாயிறு குசினியில் சமைத்தபடியே அதை உறுதிப்படுத்திக்கொண்டார்.

"இவன் அவசரக்காரன், தம்பி. இவர் முன்னுக்குப் போறபடியால்தான் எனக்கு நித்திரை வருது."

"அக்கா என்னைக் குழந்தைப் பிள்ளை எண்டு நினைக்கிறா," என்றான் குகன்.

"நீ குழந்தை இல்லையடா. மாடு," என்றார் ராசண்ணை. எல்லாரும் சிரித்தோம்.

2. மூன்று சகோதரிகள்

இளையவர்களுக்கு இந்தக் கப்பலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

இது கவசக் குரூசர். குரூசர் என்றால் வேகமாக ஓடித் திரியும் போர்க்கப்பல். அதன் இடுப்பைச் சுற்றி, தண்ணீர் மட்டத்தில், தடித்த உருக்குத் தகட்டால் ஒரு பட்டி போட்டால் அது கவசக் குரூசர். பட்டிக்குப் பின்னால் தேக்குப் பலகை, பலகைக்குப் பின்னால் கப்பலின் தோல் தகடு. அதற்கும் உள்ளே நிலக்கரி அறைகள். கரி எரிபொருள் மட்டுமல்ல, தற்காப்பும்தான். பட்டியைத் துளைத்துக்கொண்டு குண்டு வந்தாலும் கரிக் குவியலில் புதைந்து போகும் என்பது கணக்கு. கெட்டிக்காரத்தனமான கணக்கு, காகிதத்தில்.

பட்டித் தகடுகளைப் பிடித்து வைப்பது பெரிய போல்ட்டுகள். தலை வெளியே தெரியாது. நட் உள்ளே இருக்கும். தகட்டைக் கழற்ற வேண்டுமென்றால் ஓர் ஆள் உள்ளே போய் நட்டைக் கழற்ற வேண்டும். இதை நினைவில் வையுங்கள்.

இந்த ரகத்தில் மூன்று கப்பல்கள் கட்டினார்கள். மூத்தது கடலுக்குப் போன கொஞ்ச நாளிலேயே, சண்டை எதுவும் இல்லாமல், மூடுபனியில் தன் கூட்டத்துக் கப்பல் ஒன்றோடு மோதிக்கொண்டது. ஓட்டை பெரிதில்லை. ஆனால் தண்ணீர் கரி அறைகளுக்குள் புகுந்தது. அறைகளுக்கு இடையில் இருந்த கதவுகளை மூட ஓடியவர்களால் மூட முடியவில்லை, கதவு ஓடும் தண்டவாளத்தில் கரி இறுகிக் கிடந்தது. கப்பல் ஒரு பக்கமாகச் சரிந்து கவிழ்ந்தது. கொதிகலன்களுக்குக் கரி தள்ளும் அடுப்பறையில் நின்றவர்கள் எவரும் உயிரோடு வரவில்லை. நடுவிலாள் முதலாம் யுத்தம் முழுக்கச் சரக்குக் கப்பல்களுக்குக் காவலாக ஓடி, யுத்தம் முடிந்ததும் பழைய இரும்பாக விலைப்பட்டாள்.

கடைக்குட்டிதான் எங்கள் குடாவில் கிடந்தது. படைவீரர்களை ஏற்றிய கப்பல்களுக்குக் காவலாக இந்தப் பக்கக் கடல்களில் ஓடியிருக்கிறது. யுத்தம் முடிந்ததும் பீரங்கிகளைக் கழற்றிவிட்டு மற்றக் கப்பல்களுக்குக் கரி வைக்கும் களஞ்சியமாக்கினார்கள். கரியின் காலம் போனதும் அதன் சில அறைகளுக்குள் எண்ணெய் நிரப்பினார்கள். அதற்கும் தேவை முடிந்தபின் சேற்றில் விட்டுவிட்டார்கள். பெரும் யுத்தத்தைக் கண்ட கப்பலுக்குக் கடைசியில் கிடைத்தது டொனலன்.

டொனலன் எனக்குத் தந்த ட்ரோயிங் மூத்த சகோதரியுடையது.

3. இல்லாத அறை

ட்ரோயிங்கை வைத்து வெட்டும் வரிசையை எழுதினேன். மேலிருந்து கீழே, நடுவிலிருந்து ஓரத்துக்கு. எழுதிவிட்டு, டொனலன் சொன்னதைக் கேளாமல், அளக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு கப்பலுக்குள் போனேன். கொழும்பில் எனக்குத் தொற்றிய கெட்ட பழக்கம் அது. வரைந்த கோட்டை நம்பாதே, தொட்டுப் பார்.

ராசண்ணை விளக்கைப் பிடித்தார். குகன் டேப்பின் மறு நுனியைப் பிடித்தான். கரி அறை ஒன்றின் அகலத்தை அளந்தோம். ட்ரோயிங்கில் இருந்ததை விட ஒரு கைநீளம் குறைவாக வந்தது. அடுத்த அறையும் அப்படித்தான். எல்லா அறைகளும் அப்படித்தான்.

"கப்பல் வத்திப் போச்சோ?" என்றான் குகன்.

ராசண்ணை சுத்தியலால் ஓரச் சுவரைத் தட்டினார். பின்னால் வெறுமையாக இருக்கும் சுவரின் சத்தம் கேட்டது. இன்னொரு தரம் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, உதுக்குப் பின்னால இன்னொரு அறை இருக்கு. உம்மட ட்ரோயிங்கில இருக்கோ?"

"இல்லை அண்ணை."

டொனலனிடம் போய்ச் சொன்னேன். பட்டித் தகட்டுக்கும் கரி அறைக்கும் நடுவில் ஒடுங்கிய அறை ஒன்று கப்பலின் நீளத்துக்குப் போகிறது, ட்ரோயிங்கில் அது இல்லை, என்ன அறை, எதற்குக் கட்டினார்கள் என்று தெரியாமல் வெட்டக் கூடாது என்றேன்.

"மூண்டும் ஒரே கிளாஸ், ஒரே ரகம். ஒரே கிளாஸுக்கு ஒரே ட்ரோயிங்," என்றார்.

"ஒரே தாயின்ர பிள்ளையளும் ஒரே மாதிரி இல்லையே, மிஸ்டர் டொனலன்."

"நீ டேப்பைச் சரியாப் பிடிக்கேல்லை."

மூன்று பேர் பிடித்த டேப் அது. எனக்கு வந்த கோபத்தில் காது சுட்டது. ஆனால் புதிதாக வந்தவன், வேறு நிறம். வாயைப் பொத்திக்கொண்டு வந்தேன். இதைப் படிக்கும் எங்கள் பிள்ளைகள் வாயைப் பொத்தாத தலைமுறை என்பதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

4. சைபர்

அறை இருக்கிறது என்பதை டொனலன் கடைசியில் ஒத்துக்கொண்டார், ராசண்ணை அதன் மூடியைக் கண்டுபிடித்தபடியால். கரி அறையின் ஓரத்தில், பழைய கரித்தூளின் கீழே, ஓர் ஆள் நுழையக்கூடிய நீள்வட்ட மூடி தரையில் இருந்தது; சுவருக்குப் பின்னாலிருந்த அறை தரைக்குக் கீழேயும் வளைந்து வருகிறது என்று விளங்கியது. சுற்றிவர நட்டுகள். எல்லாம் பழைய செந்நிறப் பூச்சோடு இறுகிக் கிடந்தன. கட்டிய பிறகு அதை எவரும் திறந்ததாகத் தெரியவில்லை.

"அப்ப பட்டியின்ர நட்டெல்லாம் உதுக்குள்ளதான்," என்றார் டொனலன். அறை இருப்பதே இல்லை என்று சொன்னவர், இப்போது அறையால் வேலை இலேசாகும் என்று குதூகலித்தார்.

ஒரு பயம் மட்டும் எல்லாருக்கும் இருந்தது. எண்ணெய் வைத்த கப்பல். பக்கத்து அறையிலிருந்து எண்ணெய் கசிந்து உள்ளே ஆவியாகி நின்றால், தீப்பொறி பட்டதும் வெடிக்கும். ஆகவே காஸ் மீற்றரோடு ஒருவரைக் கூப்பிட்டார்கள். அந்த மீற்றர் காற்றைக் குழாயால் உறிஞ்சி, உள்ளே சூடான ஒரு கம்பியில் அதை எரித்துப் பார்க்கும். எரியக்கூடிய ஆவி இருந்தால் முள் ஏறும்.

ராசண்ணையும் குகனும் நட்டுகளைக் கழற்றினார்கள். மூடியைக் கம்பியால் நெம்பியபோது அது இலேசில் வரவில்லை. கடைசியாக வந்தபோது "உஸ்" என்று ஒரு சத்தம். ஓரத்தில் கிடந்த கரித்தூள் எழும்பி ஓட்டைக்குள் போனது. அறை ஊதவில்லை, இழுத்தது. எல்லாரும் அதைப் பார்த்தோம். யாருக்கும் அதன் அர்த்தம் தெரியாது. ஆவி நிறைந்த அறை என்றால் வெளியேதான் ஊதும், ஆகவே இது நல்ல சகுனம் என்றுகூட ஒருவர் சொன்னார்.

மீற்றர்காரர் குழாயை ஆழமாக இறக்கினார். கொஞ்ச நேரம் பார்த்தார். முள் அசையவில்லை.

"சைபர்," என்றார். "ஒண்டுமே இல்லை. பச்சைப் பிள்ளையைத் தூங்க வைக்கலாம்."

டொனலன் கையைத் தட்டினார். ராசண்ணை விளக்கைத் தோளில் மாட்டினார். குகன் ஓட்டையின் பக்கத்தில் குந்தினான்.

"வா எண்டு சொன்னாப் பிறகு வா, மச்சான்," என்றார் ராசண்ணை.

"ஓம் அத்தான்."

ஏணிப் படிகள் இரும்புச் சுவரில் இருந்தன. ராசண்ணையின் தலை ஓட்டைக்குக் கீழே போனது. "துருதான் தம்பி, எல்லாம் ஒரே துரு," என்று சொன்னார். அடுத்த படியில் கால் வைப்பதைக் கண்டேன். பிறகு கை படியை விட்டது. அவ்வளவுதான். அவர் கத்தவில்லை, இருமவில்லை, மூச்சுத் திணறவில்லை. கீழே விழுந்த சத்தம் மட்டும் வந்தது. விளக்கு கீழே எரிந்துகொண்டிருந்தது.

5. வாசல்

இனி நடந்ததை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். விசாரணையில் சொன்னேன், மனைவியிடம் சொன்னேன். எப்படிச் சொன்னாலும் என்னை நல்லவனாகவோ கெட்டவனாகவோ காட்டும். எது சரியென்று எனக்கே தெரியாது.

கொழும்பில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கப்பலின் நங்கூரச் சங்கிலி வைக்கும் குழிக்குள் ஒரு தொழிலாளி விழுந்தான். அவனைத் தூக்க இறங்கியவனும் விழுந்தான். அவனைத் தூக்க இறங்கியவனும் விழுந்தான். மேலே எடுத்தபோது மூவரும் பிணம். மூவருக்கும் வீட்டில் பிள்ளைகள். கெட்ட காஸ் என்றார்கள். அதனால்தான் காஸ் மீற்றர் சைபர் காட்டியபோது நானும் நம்பினேன். ஆனால் ராசண்ணையின் கை படியை விட்ட விதத்தை நான் முன்பு பார்த்திருக்கிறேன். காரணம் தெரியாது. அடுத்து என்ன நடக்கும் என்பது தெரியும்.

"அத்தான்!" என்று குகன் காலை ஓட்டைக்குள் விட்டான்.

நான் அவனை இடுப்பில் பிடித்து இழுத்தேன். விழுந்தோம். அவன் என்னைவிடப் பலசாலி. எழும்பி மறுபடி ஓடினான். அப்போது நான் செய்தது ஒன்றுதான். ஓட்டையின் மேல் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"விடுங்கோ அண்ணை! அத்தான் உள்ளுக்க கிடக்கிறார்! விடுங்கோ!"

"நீயும் போனால் நீயும் கிடப்பாய்! காத்துக் குழாயைக் கொண்டு வரச் சொல்லு! போ!"

"எழும்பு! எழும்படா!"

அண்ணை என்றவன் அடா என்றான். முகத்தில் அடித்தான். தலைமயிரைப் பிடித்து இழுத்தான். நான் சுவரில் இருந்த இரும்பு வளையத்தைக் கையால் கோர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவன் அந்தக் கையைக் கடித்தான். சதைக்குள் பல் இறங்கியது. நான் எழும்பவில்லை.

கம்பிரசரிலிருந்து வரும் காற்றுக் குழாயை மற்றத் தொழிலாளர்கள் இழுத்து வந்தார்கள். அது எட்டவில்லை. இன்னொரு குழாயைத் தேடிப் பொருத்த வேண்டியிருந்தது. அதுவரை நான் அங்கேயே இருந்தேன். என் உடம்புக்குக் கீழே ஒரு மனிதர் காற்றில்லாமல் கிடந்தார். நான் அவருக்கு வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழிருந்து ஏதாவது சத்தம் வருமா என்று கேட்டபடி இருந்தேன். வரவேண்டும் என்று நினைத்தேன், வரக்கூடாது என்றும் நினைத்தேன். வந்திருந்தால் நான் எழும்பியிருப்பேன்.

குழாய் வந்ததும் விலகினேன். கீழே காற்றை அடித்தோம். தீயணைப்புக்காரர்கள் முதுகில் காற்றுச் சிலிண்டரோடு இறங்கி ராசண்ணையை மேலே கொண்டு வந்தார்கள். முகத்தில் வலி இருக்கவில்லை. களைத்துத் தூங்கும் ஆளின் முகம். குகன் அவருடைய காலணிகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். என்னைப் பார்க்கவில்லை.

6. அறையின் கதை

விசாரணைக்கு முதிய கப்பல் வடிவமைப்பாளர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அந்த அறை என்னவென்று அவர்தான் சொன்னார்.

மூத்தது கவிழ்ந்தபோது கடைக்குட்டி இன்னும் கட்டி முடியவில்லை. கட்டியவர்கள் பயந்துபோய்த் திட்டத்தை மாற்றினார்கள். பட்டிக்குப் பின்னால் இறுக மூடிய அறைகளைச் சேர்த்தார்கள். கரி வேண்டாம், கதவு வேண்டாம், ஒன்றுமே வைக்க வேண்டாம். காற்று மட்டும். பக்கவாட்டில் ஓட்டை விழுந்தாலும் அந்தக் காற்று கப்பலை மிதக்க வைக்கும், அடுப்பறையில் நிற்பவர்கள் தப்புவார்கள். செத்தவர்களை நினைத்து, இனிச் சாகக் கூடாது என்று கட்டிய அறை அது.

ஆனால் இரும்பு துருப்பிடிப்பது என்றால் காற்றில் நாம் மூச்சுக்கு எடுக்கும் ஒட்சிசனைத் தின்பதுதான். மூடிய அறையில் சுவரெல்லாம் துரு. இத்தனை காலத்தில் துரு எல்லா ஒட்சிசனையும் தின்று முடித்துவிட்டது. அறைக்குள் மிஞ்சியது மூச்சுக்கு உதவாத காற்று. தின்ற அளவுக்கு உள்ளே அழுத்தம் குறைந்தது, அதனால்தான் மூடி திறந்தபோது இழுத்தது.

"மீற்றர் சைபர் காட்டியதே?" என்று கேட்டார்கள்.

"எரிக்கிறதுக்கு மீற்றருக்கும் ஒட்சிசன் வேணும்," என்றார் அந்த முதியவர். "அதுவும் அங்க மூச்சடைச்சுப் போச்சு. உள்ளுக்க எண்ணெய் ஆவி நிறைஞ்சிருந்தாலும் அது சைபர்தான் காட்டியிருக்கும்."

டொனலன் எழுந்து, தொழிலாளி அவசரப்பட்டு இறங்கிவிட்டார் என்றார். நான் எழுந்து, கையைத் தட்டியது யார் என்று கேட்டேன். இந்த முறை வாயைப் பொத்தவில்லை. என்ன பிரயோசனம்? தவறு எல்லாரிலும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டியிருந்தது, ஆகவே எவரிலும் இல்லை என்று முடித்தார்கள்.

7. பரமட்டா

செத்தவீட்டுக்குப் பிறகு பவளக்காவிடம் போக எனக்குத் துணிவு வரவில்லை. கடைசியில் போனேன். நான் வழக்கமாக உட்காரும் கதிரையில் உட்காராமல் நின்றேன். குகன் உள்ளறையில் இருந்தான், கதவு பாதி திறந்திருந்தது.

பவளக்கா என்னை உட்காரச் சொல்லவில்லை.

"நீங்கள் அந்த வாசலில இருந்தனீங்களாம்."

"ஓம் அக்கா."

"இவர் கூப்பிட்டவரோ?"

"இல்லை அக்கா. ஒரு சத்தமும் வரேல்லை."

"உண்மையா?"

"உங்களாணை உண்மை."

அக்கா என் கையில் இருந்த துணிக்கட்டைப் பார்த்தார்.

"அது என்ன?"

"தகடு வெட்டிப் போட்டுது."

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "தகடில்லை. நான்தான் கடிச்சனான்."

பவளக்கா என் கையைப் பிடித்து, கட்டை அவிழ்த்துப் பார்த்தார். பல் தடம் இரண்டு பக்கமும் ஆழமாக இருந்தது. நெடுநேரம் பார்த்தார். பிறகு அறைப்பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு கடிச்சும் விடேல்லை," என்றார். "விட்டிருந்தா இந்த வீட்டில நான் தனிய."

முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு என் கையை விடாமல் அழுதார். நானும் அழுதேன். குகன் பின்கதவால் வெளியே போனான்.

இந்த மாதிரிக் குறிப்பை எழுதுபவன் கடைசியில் ஒரு பாடம் சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன். சகோதரிக் கப்பல்கள் ஒரே கப்பல் அல்ல. மீற்றர் சைபர் காட்டினால், எதை அளந்து சைபர் என்று கேளுங்கள். மூடிய இரும்பை மூச்சுக்கு நம்பாதீர்கள். இவை மூன்றும் இப்போது விதிகளாகவே வந்துவிட்டன, படித்துக்கொள்ளலாம். படித்து வராதது ஒன்று இருக்கிறது. உள்ளே விழுந்தவன் உங்களுக்கு வேண்டியவன் என்றால், உங்களை இறங்க விடாமல் வாசலில் யாராவது உட்கார வேண்டும்.

குகன் கப்பல் வேலையை விடவில்லை. பின்னாட்களில் அவனோடு வேலை செய்தவர்கள் சொல்லித் தெரியும். எந்த மூடியைத் திறந்தாலும் முதலில் காற்றை அடிப்பானாம். இறங்குபவனின் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறு நுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, வேலை முடியும்வரை வாசலில் அவனே உட்கார்ந்திருப்பானாம். வேறு எவரையும் அங்கே உட்கார விடமாட்டானாம்.

என்னோடு அவன் அதற்குப் பிறகு பேசவேயில்லை.